நாலாவது வரிசைச் சிரிப்பு

“உங்கம்மா இன்னிக்கு எங்க உக்காரப் போறாங்க?”

மருந்துக்கடை மாமா இப்படிக் கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றுதான் முதன்முதலாக மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர் நாடகக் குழுவுக்கு அவர்தான் டைரக்டர். மற்ற நாளெல்லாம் கடையில் மாத்திரை அட்டையை வெட்டுவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒத்திகையில் நம்மை வெட்டுவார் என்று சித்தப்பா சொல்வதுண்டு. அவரே போய்த் திரையின் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். “நாலாவது வரிசை, நடுவுல. அப்பாடா, பொழச்சோம்” என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் போடுவதெல்லாம் சிரிப்பு நாடகங்கள்தான். நூலகத்துக்கு மேல்மாடியில் ஒரு கூடம். இரும்பு நாற்காலிகள், முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை மேடை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் நடிக்கிறவர்களுக்கு வேண்டியவர்கள், அதுதான் சங்கடமே. தன் கடைக் கணக்கர் மேடையில் வழுக்கி விழுந்தால் சிரிக்கலாமா, சிரித்தால் நாளைக்கு எப்படி அதிகாரம் பண்ணுவது என்று முதலாளி யோசிப்பார். மாமியார் வேஷம் போட்டிருக்கிற பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று இன்னொருவர் யோசிப்பார். யாராவது ஒருத்தர் முதலில் சிரிக்கட்டும், பிறகு நாம் சிரிக்கலாம் என்று கூடம் முழுவதும் காத்திருக்கும். அந்த ஒருத்தர் என் அம்மா.

அம்மாவின் சிரிப்பு தும்மல் வரப்போவது போலத் தொடங்கும். மூக்கில் ஒரு சின்னச் சத்தம். பிறகு மாடிப்படி ஏறுகிறவர் மாதிரி ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில் மூச்சு வாங்க நிற்கும். முடிந்தது என்று நாம் நினைக்கிற நேரத்தில் அத்தனை படியும் தடதடவென்று உருண்டு கீழே வரும். ஜனங்கள் முதலில் அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். அதனால் மருந்துக்கடை மாமா கடைசி ஒத்திகைக்கு அம்மாவை வரவழைத்து நாலாவது வரிசையில் உட்காரவைப்பார். அவள் எங்கெல்லாம் சிரிக்கிறாளோ அங்கெல்லாம் வசனப் புத்தகத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடச் சொல்வார். வட்டம் வந்தால் நடிக்கிறவர்கள் அடுத்த வசனத்துக்குத் தாவக்கூடாது. அம்மா ஏறி, நின்று, உருண்டு முடிகிறவரைக்கும் பொறுக்க வேண்டும். ‘அண்ணி வட்டம்’ என்று சித்தப்பா அதற்குப் பேர் வைத்தார். எப்போதும் கதாநாயகியாக வருகிற டைப்பிஸ்ட் அக்காவுக்கு அதில் பெரிய மனக்குறை. “உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வட்டம். நான் உயிரைக் குடுத்து அழுவுறேன், எனக்கு ஒண்ணாவது உண்டா?” என்று அம்மாவிடமே கேட்டாள். அழுகைக்கு நான் என்னடி பண்ணட்டும் என்று அம்மா அதற்கும் சிரித்தாள். டைப்பிஸ்ட் அக்கா என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி அந்த இடத்தில் தானே ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.

வசனம் எடுத்துக்கொடுக்கிற வேலைக்கு அப்பாதான் என்னைக் கூட்டிவந்தார். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் குரல் அடுத்த பெஞ்சைத் தாண்டாது. பத்தாவது பாதியில் ஒரு திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் கிளம்பவில்லை, அடுத்த நாளும் கிளம்பவில்லை. அம்மா திட்டினாள். அப்பா வசனப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மறந்துபோனவருக்கு மட்டும் கேட்க வேண்டும், வேறு யாருக்கும் கேட்கக் கூடாது. அவ்வளவு சின்னக் குரல்தான் என்னிடம் இருந்தது.

அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். வீட்டில் அவர் இருப்பதே தெரியாது. செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்து வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேடை ஏறினால் வேறு ஆள். வீட்டில் இந்தக் கோமாளித்தனத்தில் ஒன்றைக்கூடச் செய்ததில்லை. செய்தாலும் அம்மா சிரித்திருக்க மாட்டாள், “போய்க் கை கழுவிட்டு வாங்க” என்றிருப்பாள். மேடையில் வட்டம் வரும்போது அவர் லேசாகத் தலையைச் சாய்த்து நாலாவது வரிசைப் பக்கம் ஒரு காதைக் கொடுப்பார். கூடத்தில் இருப்பவர்களுக்கு அது வேஷத்தில் சேர்த்தி. பக்கவாட்டிலிருந்து பார்க்கிற எனக்கு மட்டும், அந்த நேரத்தில் அவர் கண்கள் பரீட்சை முடிவு பார்க்க வந்த மாணவனுடைய கண்கள் போலத் தெரியும். மூக்கில் அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் தோள் இறங்கும். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

போன நாடகத்தன்று காலையிலிருந்தே தம்பிக்குக் காய்ச்சல். அவனுக்கு ஏழு வயது. மருந்துக்கடை மாமாவே வந்து பார்த்து மருந்து கொடுத்தார், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றார். அம்மா வரவில்லை என்றுதான் சொன்னாள். அப்பா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, அரை மணி நேரம் இருந்தால் போதும், ஆரம்பித்துவைத்துவிட்டு ஓடி வந்துவிடு என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அம்மா வந்தாள். அன்றைக்கு நாடகம் என்றுமில்லாதபடி பிடித்துக்கொண்டது. இடைவேளையில் அம்மா எழுந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர்கள், நீங்க போனா நாங்க எப்படிச் சிரிக்கிறது என்று அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று உட்கார்ந்தாள். முடிந்து நாங்கள் தெருமுனைக்கு வரும்போது தம்பியைப் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. மூளைக்காய்ச்சல், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. “நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்” என்று அம்மா ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, யாரிடமும் இல்லாமல் சொன்னாள். அதற்கப்புறம் அவள் அப்பாவோடு நேராகப் பேசுவது நின்றுபோனது. அப்பாகிட்ட சொல்லு, சோறு ஆறுது. அப்பாகிட்ட சொல்லு, பால்காரன் வந்துட்டுப் போயிட்டான். அப்பா அதே அறையில்தான் இருப்பார். நான் சொல்வதற்குள் எழுந்து போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார். மறந்த வசனத்தை எடுத்துக்கொடுக்கிற வேலை எனக்கு வீட்டிலும் வந்து சேர்ந்தது. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலையைக் காலையிலும் சாயங்காலமும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். சூட்டுக்கு முன்னால் நின்றால் எதுவும் நினைக்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு வருஷம் நாடகம் இல்லை. பிறகு மருந்துக்கடை மாமா மெதுவாக ஆரம்பித்தார். அப்பா வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். புது நாடகத்தில் அவருக்குப் பல்வலிக்காரர் வேஷம். கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியாத ஒரு மனிதரை, பேசாமல் இருப்பதாலேயே எல்லோரும் பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொண்டு வழக்குத் தீர்க்க அழைத்துப் போகிறார்கள். அப்பாவுக்கென்றே செய்தது போன்ற வேஷம். ஆனால் ஒத்திகையில் ஒன்று நடந்தது. வசனப் புத்தகத்தில் ஒரு வட்டமும் இல்லாமலே எல்லோரும் நிறுத்தினார்கள். அம்மா சிரித்திருக்கக்கூடிய இடம் எது என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அப்பா நாலாவது வரிசைப் பக்கம் காதைச் சாய்ப்பார். டைப்பிஸ்ட் அக்கா கையைத் தூக்கியபடி நிற்பாள். காலி நாற்காலிகளுக்கு மேல் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும். நிறுத்தாதீங்கய்யா, சாவு வீடு மாதிரி இருக்கு என்று கத்திவிட்டு மருந்துக்கடை மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்பா வீட்டில் கேட்டார். அம்மா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை என்னிடம் சொல்லி அனுப்பாமல் அவர் நேராகவே பேசினார்.

“வர்ற ஞாயித்துக்கெழம நாடகம்.”

“போயிட்டு வாங்க.”

“நீயும் வந்தா…”

“நான் எதுக்கு? நாற்காலி தொடைக்கவா?”

“சும்மா வந்து உக்காரு. சிரிக்கக்கூட வேணாம்.”

அம்மா குழாயை மூடினாள். “அன்னிக்கும் அரை மணி நேரம்னுதான் சொன்னீங்க.”

அப்பா என்னைத் தாண்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கை ஈரத்தைத் துடைத்தபடி அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெளியூரில் இருக்கிற பெரிய மாமா அவளைத் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே துணிக்கடையில் அவளுக்கு வேலைகூடப் பார்த்துவைத்திருந்தார். நாடகம் முடிந்த மறுநாள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிடுவதாக மாமாவுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றாள். எதற்காக நாடகம் முடிகிறவரை என்று நான் கேட்கவில்லை. நீ யார்கூட இருப்பே என்று அவளும் கேட்கவில்லை. என் தலையில் இருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

மருந்துக்கடை மாமா அம்மாவுக்குப் பதிலாக ஆள் தேடினார். முதலில் தன் மனைவியையே உட்காரவைத்துப் பார்த்தார். தன் வீட்டுக்காரர் மேடைக்கு வந்து திருத்தம் சொல்கிற இடத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் நன்றாகச் சிரிப்பார் என்று கூட்டிவந்தார்கள். அவர் எல்லா வசனத்துக்கும் சிரித்தார், கடைசியில் கதவு சாத்துகிற சத்தத்துக்கும் சிரித்தார். கடைசியாகச் சித்தப்பாதான் அதைச் சொன்னார். அவர் எலக்ட்ரீசியன், குழுவுக்கு விளக்கும் ஒலியும் அவர் பொறுப்பு. யார் எங்கே சொதப்பினார்கள் என்று பிறகு போட்டுக் கேட்பதற்காக ஒவ்வொரு நாடகத்தையும் கூரையில் மைக் தொங்கவிட்டுப் பதிவு பண்ணிவைப்பார். பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிவார் என்பதால் அவரிடம் கடைசி நாடகம் ஒன்றுதான் இருந்தது. மைக் நாலாவது வரிசைக்கு நேர்மேலே தொங்கியிருக்கிறது. மேடையில் பேசியவர்களைவிட அம்மா சிரித்ததுதான் தெளிவாக விழுந்திருந்தது. அந்தச் சிரிப்புகளை மட்டும் தனித்தனியாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

முன்கூட்டிச் சொல்லாமல் ஒத்திகை நடுவில் அதைப் போட்டார். அப்பா ஒரு காலைத் தூக்கியபடி நின்றிருந்தார். கூடத்தில் ஒருவரும் இல்லாத நாலாவது வரிசையிலிருந்து வருவது போல அம்மா சிரித்தாள். ஏறினாள், நின்றாள், உருண்டாள். அப்பா தூக்கிய காலைக் கீழே வைக்கவே இல்லை. வேணாம்ப்பா, நிறுத்து என்று மருந்துக்கடை மாமா எழுந்துவிட்டார். டைப்பிஸ்ட் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னொரு தடவ போடு” என்றார் அப்பா.

சித்தப்பா போட்டார். சிரிப்பு முடிகிற இடத்தில் அம்மா பக்கத்து நாற்காலியிடம் ஏதோ சொல்கிறாள், மூன்று நான்கு வார்த்தை. என்னவென்று பிடிபடவில்லை. அப்பா மேடையிலிருந்து இறங்கி ஒலிப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு எழுந்து பல்வலிக்காரர் வேஷத்துக்காகக் கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டார்.

“அண்ணே, அண்ணிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?” என்று டைப்பிஸ்ட் அக்கா கேட்டாள்.

“அவதான் வரப்போறதில்லையே” என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அவர் ஒத்திகைக்குப் போகிற வேகமே மாறிப்போனது. கடையிலிருந்து நேராகப் போய்விடுவார். ஒரு வருஷமாக வீட்டில் கேட்காத சத்தம் அங்கே ஒரு பெட்டிக்குள் இருந்தது. அவர் நாடகத்துக்காகத்தான் போனாரா என்று எனக்கு இப்போதும் தெரியாது. வீட்டில் சொல்லாதே என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் எங்கேயும் எதையும் சொல்கிறவள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

நாடகத்தன்று காலையில் அம்மா அப்பாவின் மேடைச் சட்டையை எடுத்துத் தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். காலர், தோள், கை என்று ஒவ்வொன்றாக, கடையில் பணக்கார வீட்டுச் சட்டைகளுக்குச் செய்கிற நிதானத்தோடு. அப்பாகிட்ட சொல்லு, கையில பட்டன் இல்லாம இருந்துச்சு, தச்சிருக்கேன் என்றாள். பக்கத்து அறையில் அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி ஓடுகிற சத்தம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி கேட்டது.

கூடம் நிறைந்துவிட்டது. முதல் பாதியில் சித்தப்பாவின் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்தது. எதிர்ப் பக்கத்திரைக்குப் பின்னால் விளக்குப் பலகைக்கு முன் உட்கார்ந்து, நான் புதிதாகப் போட்டுக்கொடுத்த வட்டங்களைப் பார்த்து அவர் பொத்தானை அமுக்குவார். அம்மா சிரிப்பாள். ஜனங்கள் யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். பழைய நாட்களைப் போலவே எல்லாம் நடந்தது. அப்பா காதைச் சாய்த்தார், தோள் இறங்கியது. இடைவேளையில் மருந்துக்கடை மாமா யாரையும் திட்டவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கி விளக்கு அணைந்த பிறகு கடைசி வரிசையில் ஓர் உருவம் வந்து உட்கார்ந்ததை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மேடை வெளிச்சம் அவ்வளவு தூரம் மங்கலாகத்தான் போகும். ஆனால் நாற்காலியின் நுனியில், எழுந்துகொள்ளத் தயாராக உட்காருகிறவள் அம்மா மட்டும்தான். சலவைக் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். தலையை வாரிக்கொண்டிருந்தாள். எனக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் மேடை முழுக்க வெளிச்சத்தில் கிடந்தது. பின்திரை சுவரோடு ஒட்டியிருந்ததால் சுற்றிப் போகவும் வழியில்லை. அவர் என் பக்கம் பார்க்கிறவரை கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பார்த்ததும் கடைசி வரிசையைக் காட்டினேன், வாயைப் பொத்திக் காட்டினேன், பெட்டியைக் காட்டினேன். சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். புரிந்தது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மேடையில் பல்வலிக்காரருக்கு டீ கொடுக்கிற இடம் வந்தது. வசனப் புத்தகத்தில் அவர் டீ குடிக்கிறார் என்று மட்டும்தான் இருக்கும். மீதியை அப்பாவே சேர்த்திருந்தார். வலி என்று சொல்லவும் முடியாமல், வேண்டாம் என்று மறுக்கவும் முடியாமல், வலிக்காத பக்கத்துக்கு டம்ளரைக் கொண்டுபோவதற்காகக் கழுத்தை மெதுவாகத் திருப்பித் திருப்பி, கடைசியில் உடம்பே சுற்றி, முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார். இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அம்மா வீட்டில் விருந்துக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு உண்மையிலேயே பல்வலி. மாமனார் முன்னால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இப்படித்தான் டீயைக் குடித்திருக்கிறார். அதுவரைக்கும் யாரோ ஒரு ஆளாக இருந்தார், அன்னிக்குத்தான் இவர் நம்ம ஆளுன்னு பட்டுச்சு என்று அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் திருப்பலில் அவள் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். இரண்டாவதில் புறங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். அப்பா முழுசாகச் சுற்றி முதுகைக் காட்டியபோது அவள் தோள்கள் அசைந்தன. மூக்கில் அந்தச் சின்னச் சத்தம் வந்திருக்க வேண்டும். ஒரு வருஷமாக மூடிக்கிடந்த முகம் அந்த மங்கலிலும் தெரிகிற மாதிரி விரிந்து, கை விலகி, வாய் திறந்தது.

அப்போது சித்தப்பா பொத்தானை அமுக்கினார்.

மேடைக்கு இரண்டு பக்கமும் இருந்த பெட்டிகளிலிருந்து அம்மா சத்தமாகச் சிரித்தாள். கடைசி வரிசையில் இருந்த அம்மா திறந்த வாயோடு அப்படியே இருந்தாள். யார் அது என்று பார்க்கிறவளைப் போலக் கழுத்தை நீட்டி நாலாவது வரிசையின் நடுவில் தேடினாள். அங்கே சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு படியேறிக்கொண்டே இருந்தது. உச்சியில் அது மூச்சு வாங்க நின்ற இடத்தில், அது எந்தச் சிரிப்பு, எந்த நாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதை நான் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். கூடம் வெடித்தது.

அம்மா எழுந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடியே முழங்கால்களை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, என்ன அதுக்குள்ள கிளம்பிட்டீங்க என்று கேட்டார் போலிருக்கிறது. அவள் அவருக்குத் தலையைக்கூட அசைக்கவில்லை. கதவைத் தள்ளியதும் வராந்தாவின் டியூப்லைட் வெளிச்சம் நீளமாக உள்ளே விழுந்தது. அந்த நேரத்தில்தான் அப்பா டம்ளரோடு கூடத்தைப் பார்க்கத் திரும்பினார். வெளிச்சத்துக்கு முன்னால் முகமில்லாமல் நின்ற அந்த உருவம் யாரென்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன். என் வாழ்நாளில் இல்லாத சத்தத்தோடு மூன்றாவது தடவை கொடுத்தேன். அப்பா அப்படி நிற்பதும் வேஷம் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள். அப்பா கழுத்தைச் சாய்க்காமல் நேராக நின்றார். சாய்ந்த டம்ளரிலிருந்து டீ, தேய்த்த சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் சிரிப்பு உருண்டு உருண்டு கடைசிப் படிக்கு வரும்போது அம்மா போய்விட்டிருந்தாள். ஸ்பிரிங் கதவு இரண்டு பக்கமும் ஆடி, வெளிச்சத்தைத் திறந்து மூடி, திறந்து மூடி, நின்றது.